ரஷ்ய எண்ணெய்க்கு நம் ஊர் இறால் ஏன் அபராதம் கட்டுகிறது?

இறால்_கணக்கு (தூத்துக்குடி) | 12 அக்டோபர் 2025

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். கொஞ்சம் புலம்பலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டாக்குமென்ட் பிரிவு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுகாதாரச் சான்றிதழ், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் என்று நாள் முழுக்கக் காகிதம்தான். ஏப்ரலில் அமெரிக்கா எல்லோருக்கும் 10 சதவீதம் போட்டபோது எப்படியோ சமாளித்தோம். ஆகஸ்ட் 7-இல் நமக்கு அது 25 ஆனது. ஆகஸ்ட் 27-இல், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று சொல்லி இன்னொரு 25. இறாலுக்கு ஏற்கெனவே இருக்கிற ஆன்டி டம்பிங் வரி (அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறோம் என்று போடுவது), மானியத்துக்கு எதிரான வரி எல்லாவற்றையும் கூட்டினால் 58 பக்கம் வருகிறது. ஈக்வடாருக்குப் புதிய வரி 15தான். இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20.

எங்கள் விற்பனை பெரும்பாலும் டி.டி.பி. கணக்கு. அந்த ஊர் வரியையும் நாமே கட்டி, வாங்குகிறவர் குடோனில் இறக்கிக் கொடுக்க வேண்டும். அதனால் 'வரியை அமெரிக்கக்காரன்தானே கட்டுவான்' என்று டிவியில் பேசுவது எங்களுக்குப் பொருந்தாது. கடலில் போய்க்கொண்டிருந்த சரக்குக்கு இரண்டாவது 25-இல் விலக்கு உண்டு என்றார்கள்: ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பல் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கம் தாண்டியிருக்க வேண்டும். செங்கடல் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற கப்பலுக்கு அந்தக் கெடு எந்த மூலைக்கு? எங்கள் பெட்டிகள் சில கெடு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தன.

பதப்படுத்தும் கூடத்தில் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் நரம்பு எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. சரக்கு வந்தால்தான் காசு. ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்துப்போய் நிற்கிறவர்களிடம் சூப்பர்வைசர் "இன்னைக்கு மதியத்தோட சரி" என்று சொல்லி அனுப்புவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் வாங்கினது யாரோ, சுத்திகரித்தது யாரோ. இறாலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவில்பட்டி_குச்சி | 12 அக்டோபர்

வல்லவன் வகுத்ததே வாய்க்கால், தம்பி. இதுக்கு மேலே என்ன விளக்கம் வேணும்?

பாளை_ஓய்வு (பாளையங்கோட்டை) | 12 அக்டோபர்

அப்படி முடித்துவிட்டால் இழையே வேண்டாமே, குச்சி அண்ணாச்சி.

வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். தம்பி, வரி போட்ட பட்டியலைப் பார்த்து வயிறெரிவதை விட்டுவிட்டு, வரி போடாமல் விட்ட பட்டியலை எடுத்துப் பாருங்கள். செல்போன் இல்லை. ஜெனரிக் மாத்திரை மருந்து இல்லை. வேடிக்கை என்னவென்றால், சுத்திகரித்த பெட்ரோலியப் பொருளும் இல்லை. எந்த எண்ணெய்க்காக அபராதமோ, அதிலிருந்து வடித்த டீசலுக்குக்கூட அந்த அபராதம் கிடையாது. இறால், முந்திரிப் பருப்பு, துணி, தோல், வைரம் இதெல்லாம் மாட்டிக்கொண்டது.

காரணம் எளிது. நம் மாத்திரைக்கு 50 சதவீதம் போட்டால் மறுநாளே அங்குள்ள மருந்துக் கடையில் கூச்சல் வரும். இறாலை நிறுத்தினால் ஈக்வடார்க்காரன் கண்டெய்னரோடு வாசலில் நிற்கிறான். வலிக்காத இடமாகப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள். வலிக்காதது அவர்களுக்கு.

இன்னொன்றும் பாருங்கள். ரஷ்ய எண்ணெய் அதிகம் வாங்குவது சீனா. அதற்காக சீனாமேல் இந்த 25 விழவில்லை. ஏப்ரலில் சீனச் சரக்குக்கு 145 சதவீதம் வரை ஏற்றினார்கள். பதிலுக்கு சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது. அந்தத் தனிமங்களில் செய்கிற காந்தம் வராமல் கார்க் கம்பெனிகள் திண்டாடின. மே மாதம் ஜெனீவாவில் உட்கார்ந்து 30-க்கு இறங்கிவிட்டார்கள். இப்போது, மூன்று நாள் முன்பு, சீனா அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியிருக்கிறது. மறுநாளே அமெரிக்கா நவம்பர் 1 முதல் இன்னொரு 100 என்கிறது. இது எங்கே போய் நிற்கும் என்று பார்க்கலாம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பேரம் பேசுகிறார்கள், நமக்கு நோட்டீஸ் வருகிறது. 'உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை' என்று எதிராளி நினைக்கிற சரக்கு உன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுதான் உன் மரியாதை.

டாலருக்கு_டாட்டா | 12 அக்டோபர்

சார், இதற்கெல்லாம் ஒரே மருந்து டாலரை விட்டு வெளியே வருவது. பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலானவை) தனி நாணயம் கொண்டுவரும் என்கிறார்கள். ரூபாயில் வியாபாரம் செய்ய ரிசர்வ் வங்கி 2022-லேயே வழி திறந்துவிட்டது. இன்னும் ஐந்து வருஷத்தில் டாலர் செல்லாக்காசு. தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதே அதற்குச் சாட்சி!

கடையநல்லூர்_துபாய் | 12 அக்டோபர்

டாட்டா தம்பி, டாலர் செல்லாக்காசு ஆகும் வரைக்கும் உங்களிடம் இருப்பதை எனக்கு அனுப்பி வையுங்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன் 😄

பாளை_ஓய்வு | 13 அக்டோபர்

டாட்டா தம்பி கேட்டதை நிதானமாகப் பார்க்கலாம், அதில் பாதி விஷயம் இருக்கிறது.

டாலரில் பணம் வருவது என்றால் என்ன நடக்கிறது? யாரும் நோட்டுக் கட்டைக் கப்பலில் ஏற்றுவதில்லை. நம் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியிடம் நோஸ்ட்ரோ என்கிற டாலர் கணக்கு வைத்திருக்கும். வாங்குகிறவரின் வங்கிக்கும் அதேபோல ஒன்று இருக்கும். அங்கே ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் வரவு வைப்பார்கள். ஸ்விஃப்ட் என்பது பணம் இல்லை, 'இவ்வளவு கொடு' என்று சொல்கிற செய்தி மட்டும்தான்.

நான் வேலையில் இருந்தபோது கல்லிடைக்குறிச்சி அப்பளம் அனுப்புகிறவர் ஒருவர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தார். சரக்குப் போனது சிங்கப்பூருக்கு, அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பில் மட்டும் டாலரில் போட்டிருந்தார். பணம் நியூயார்க்கில் நின்றுவிட்டது. வாங்குகிறவரின் பெயர், அமெரிக்க நிதித்துறையின் தடைப் பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் பெயரைப் போல இருந்ததாம். வாங்குகிறவரின் பாஸ்போர்ட் நகல், கடைப் பதிவுச் சான்று, பில் ஆஃப் லேடிங், 'இந்தச் சரக்கில் ஈரான் சம்பந்தம் இல்லை' என்று கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். உளுந்து அப்பளத்துக்கு ஈரான் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்த ஊர் நம் ஊர். டாலர் என்று பில்லில் எழுதிய நிமிடமே அந்த வியாபாரம் அவர்கள் சட்டத்துக்குள் ஒரு கால் வைத்துவிடுகிறது.

அந்தக் கதவை வைத்துத்தான் சண்டையே போடுகிறார்கள். 2012-இல் ஈரான் வங்கிகளை ஸ்விஃப்டிலிருந்து வெட்டினார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் பெரிய வங்கிகள் பலவற்றை வெட்டினார்கள். அதோடு ரஷ்ய மத்திய வங்கியின் சேமிப்பில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கினார்கள், அதில் பெரும்பங்கு பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்கிற பத்திரக் காப்பகத்தில் கிடக்கிறது. அன்றைக்கு உலகத்தின் எல்லா மத்திய வங்கிக்காரரும் தன் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார். தங்கம் ஏறுவதற்கு அது ஒரு காரணம். நம் ரிசர்வ் வங்கியும் இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் 100 டன் அளவை 2023-24 கணக்காண்டில் ஊருக்குக் கொண்டுவந்தது. 1991-இல் அடகுக்காக 47 டன் தங்கம் விமானத்தில் போனதைப் பார்த்தவன் நான், இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதுவரை டாட்டா சொல்வது சரி. தகராறு எங்கே என்றால், விட்டுவிட்டு எங்கே போவது? ரஷ்யாவிடம் ரூபாய் கொடுத்துப் பார்த்தோம். 2023 மே மாதம் கோவாவில் வைத்து அவர்கள் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வெளிப்படையாகவே சொன்னார்: இந்திய வங்கிகளில் எங்கள் கணக்கில் பில்லியன் கணக்கில் ரூபாய் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த முடியவில்லை என்று. 2024-25-இல் நாம் ரஷ்யாவிடம் வாங்கியது 6,000 கோடி டாலருக்கு மேல், விற்றது 500 கோடி டாலரைத் தொடவில்லை. அவர்கள் அந்த ரூபாயை வைத்து என்ன வாங்குவார்கள்? எல்லாக் கடையிலும் செல்லுகிற டோக்கனைத்தான் எல்லோரும் வாங்குவார்கள். ஒரே ஒரு கடையில் செல்லுகிற டோக்கனை எவ்வளவு நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிவது?

சீன யுவான் என்பீர்கள். உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் டாலர் இன்னும் பாதிக்கு மேல், யுவான் 2 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. உள்ளே போன பணத்தை நினைத்தபோது வெளியே எடுக்க பீஜிங் விடாது என்பது முக்கியமான காரணம். நம் எல்லைப் பிரச்சினையை வைத்துக்கொண்டு நம் சேமிப்பை யுவானில் போடச் சொல்லி டெல்லியில் யாராவது ஃபைல் எழுதுவார்களா?

கடையநல்லூர்_துபாய் | 13 அக்டோபர்

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023 ஜூலையில் இந்தியாவும் அமீரகமும் ரூபாய்-திர்ஹாமில் கணக்குத் தீர்க்க ஒப்பந்தம் போட்டபோது இங்கே எங்கள் ரூமில் பெரிய கொண்டாட்டம். ஆனால் திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட மாடு. 1997-இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், நகராது. அப்புறம் அது என்ன டாலரை விட்டு வெளியேறுவது?

லாபம் இல்லாமல் இல்லை. நியூயார்க்கைத் தொடாமல் பணம் போகும், மாற்றுக் கமிஷன் மிச்சம். நாணயத்தின் பெயர் மாறுகிறது, மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

செல்வி_வரலாறு (திருச்செந்தூர்) | 13 அக்டோபர்

யாரோ செய்கிற சண்டைக்கு நம் கரிசல் காடு பதில் சொல்வது இது முதல் தடவை இல்லை.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வடக்குப் படைகள் தெற்கு மாநிலத் துறைமுகங்களை அடைத்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி இல்லை. லிவர்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரில் விற்ற நம் குட்டைப் பருத்திக்கு அதுவரை யாரும் பெரிய மரியாதை கொடுத்ததில்லை, திடீரென்று விலை எகிறியது. அப்போது தூத்துக்குடிக்கு ரயில்கூடக் கிடையாது, 1876-இல்தான் வந்தது. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கமிருந்து மாட்டு வண்டியில்தான் பொதி போனது. 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது. ஆபிரகாம் லிங்கன் யாரென்று தெரியாத நம் விவசாயச் சம்சாரி, அவருடைய போரால் கடன் வாங்கினான், அது முடிந்ததால் கடன்காரன் ஆனான்.

அப்புறம் வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம், 10 லட்சம் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். கொழும்புக்குக் கப்பல் விட்டதும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர்கள் அதற்கும் கீழே போனார்கள். கடைசியில் வெள்ளைக்காரன் சும்மாவே ஏற்றிக்கொண்டுபோய்க் குடையும் கொடுத்தான் என்பார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் டம்பிங்! அதிலும் அசையாததால் 1908-இல் ராஜத்துரோக வழக்குப் போட்டு மனிதரை உள்ளே வைத்தார்கள். 1911-இல் கம்பெனி கலைந்தது. வரி, தடை, வழக்கு என்று இப்போது பேசுகிற ஆயுதம் எல்லாம் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஏற்கெனவே பார்த்ததுதான்.

ராதாபுரத்தான் | 13 அக்டோபர்

வ.உ.சி. வராமல் நம் ஊரில் ஒரு இழை முடிந்ததாகச் சரித்திரம் இல்லை 🙂

மரியாதையோடு மறுக்கிறேன், டீச்சர். அது காலனி அரசு, நாம் அடிமை. இன்றைக்கு டெல்லியில் நம் அரசு இருக்கிறது, விலை மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் எண்ணெய் வாங்கியது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய் இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதன் பலாபலனுக்கு நாமும் பொறுப்பு. இதைச் சுதேசிக் கப்பலோடு ஒட்டினால் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி நின்றுபோகும்.

இறால்_கணக்கு | 13 அக்டோபர்

ராதாபுரத்து அண்ணாச்சி, நான் கேட்க நினைத்ததைத் தொட்டுவிட்டீர்கள். மலிவு எண்ணெய் மலிவு எண்ணெய் என்கிறார்கள். 2022-இலிருந்து எங்கள் ஊர் பங்கில் பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. தள்ளுபடி எங்கே போனது? லாபம் ஒரு பக்கம், அபராதம் இன்னொரு பக்கம். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாளை_ஓய்வு | 13 அக்டோபர்

நியாயமான கோபம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் வைக்கிறேன். 2022-இல் கச்சா எண்ணெய் 120 டாலருக்கு மேல் போனபோது பங்கில் விலையை ஏற்றாமல் அரசு எண்ணெய்க் கம்பெனிகள் நஷ்டத்தில் விற்றன. பிறகு அதை வசூலித்துக்கொண்டன. நாமும் ரஷ்ய எண்ணெயை விட்டு வளைகுடாவில் போய் நின்றிருந்தால் உலக விலை இன்னும் ஏறியிருக்கும். அமெரிக்காவே அப்போது அப்படித்தான் கணக்குப் போட்டது. ஜி-7 நாடுகள் சேர்ந்து 2022 டிசம்பரில் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது எதற்கு? எண்ணெய் சந்தைக்கு வரட்டும், ரஷ்யாவுக்குக் காசு குறையட்டும் என்றுதான். அன்றைக்கு ஒத்துக்கொண்ட வியாபாரம் இன்றைக்குக் குற்றமாகிவிட்டது.

தள்ளுபடியின் பெரும்பகுதி சுத்திகரிப்பவர்களிடமும் அரசு வரியிலும் தங்கியது என்ற உங்கள் சந்தேகத்தை நான் மறுக்க மாட்டேன். அதில் ஒரு கைப்பிடியை இறால், ஜவுளி, தோல் தொழிலுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

கோவில்பட்டி_குச்சி | 14 அக்டோபர்

எங்கள் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சீன பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டி வியாபாரத்தைத் தின்றது. ஒரு லைட்டர் இருபது பெட்டிக்குச் சமம் என்று கடைக்காரரே கணக்குச் சொல்வார். மனுக் கொடுத்துக் கொடுத்து, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே கோத்தார்கள். 2024 அக்டோபரில் பாகத்துக்கும் தடை.

நாங்கள் பட்டாசு வெடிக்காத குறை. அதனால் 'வரி போடுகிறவன் எல்லாம் அயோக்கியன்' என்று என்னால் சொல்ல முடியாது. நமக்கு விழுந்தால் அநியாயம், நமக்காகப் போட்டால் பாதுகாப்பு.

கங்கைகொண்டான்_ஷிப்ட் | 14 அக்டோபர்

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் குழப்பம். சிப்காட்டில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை, 4.3 ஜிகாவாட். நெல்லை, தூத்துக்குடிப் பிள்ளைகள் நிறைய வேலை பார்க்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள் என்றே சொல்லலாம். அதற்கு அமெரிக்க அரசின் டி.எஃப்.சி. என்கிற நிதி நிறுவனம் 42.5 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டது. ஏன்? சோலார் சரக்குக்கு உலகமே சீனாவை நம்பி நிற்கக்கூடாது என்று.

அப்படிக் கடன் கொடுத்த நாடுதான் இப்போது 50 சதவீதம் போட்டிருக்கிறது. அதே நேரம், செல் செய்ய வேண்டிய வேஃபர் என்கிற சிலிக்கான் தகடு உலகம் முழுவதற்குமே பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. அதாவது ஒருவரிடம் கடன், இன்னொருவரிடம் மூலப்பொருள், நடுவில் கங்கைகொண்டான். இரண்டு பேரில் யார் கோபித்துக்கொண்டாலும் ஷிப்ட் எங்களுக்குத்தான் குறையும்.

ராதாபுரத்தான் | 14 அக்டோபர்

கூடங்குளத்தை விட்டுவிட்டீர்களே. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டது. சோவியத்தே 1991-இல் இல்லாமல் போனது, 1998-இல்தான் திரும்ப உயிர் வந்தது. அதில் உலைகள் ரஷ்யாவுடையது, எரிபொருள் ரஷ்யாவுடையது, கடனும் ரஷ்யாவுடையது. அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரைக்காரர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அது தனி இழை.

இங்கே சொல்ல வந்தது இதுதான். ரஷ்ய எண்ணெய்க்கு நமக்கு அபராதம் போடும் அமெரிக்கா, தன் அணு உலைகளுக்கு ரஷ்ய யுரேனியம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. 2024 மே மாதம் அதைத் தடை செய்யச் சட்டம் போட்டார்கள், ஆனால் 2027 வரை விலக்கு வாங்கிக்கொள்ள வழி வைத்தே போட்டார்கள். ஐரோப்பா இன்னும் ரஷ்ய திரவ எரிவாயு வாங்குகிறது. பாளை சார் சொன்ன 'மாற்று இல்லாத சரக்கு' இதுதானே!

டாலருக்கு_டாட்டா | 14 அக்டோபர்

சரி, நாணயத்தை விடுங்கள். உலக வர்த்தக அமைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போய் வழக்குப் போட்டால் என்ன?

பாளை_ஓய்வு | 14 அக்டோபர்

போடலாம். கீழ்க் குழுவில் ஜெயிக்கவும் செய்யலாம். தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு தாள் கொடுத்தால் வழக்கு அங்கேயே தொங்கும். மேல்முறையீட்டு அமைப்பில் உறுப்பினரே இல்லை. புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்துக்கொண்டே வந்ததால் 2019 டிசம்பரில் அது செயலிழந்தது. தடுத்தது டிரம்ப் காலத்தில் மட்டும் இல்லை, முன்னால் ஒபாமா காலத்தில் தொடங்கியது, பைடன் காலத்திலும் மாறவில்லை.

சாத்தான்குளம்_நிலாவாரை | 14 அக்டோபர்

எல்லோரும் பெரிய பெரிய சரக்காகப் பேசுகிறீர்கள், நான் தேரிக்காட்டுச் சரக்கோடு வருகிறேன்.

நிலாவாரை, வியாபாரத்தில் சென்னா. 'திருநெல்வேலி சென்னா' என்று வெளிநாட்டு மருந்து நூல்களில் ஊர் பெயரோடு இருக்கிறது. மலச்சிக்கல் மருந்துக்கு இலையும் காயும் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று போகிறது. இதற்குப் போட்டிச் சரக்கு சூடான் பக்கத்து அலெக்சாண்டிரியா சென்னா. அங்கே 2023 ஏப்ரல் முதல் போர். பாளை சார் கணக்குப்படி பார்த்தால் இன்றைக்கு உலகத்தில் மரியாதைக்குரிய ஆள் நான்தான்!

நிலைமை என்ன தெரியுமா? இலையைப் பறித்து, நிழலில் பச்சை மாறாமல் காயவைத்து, கல்லும் குச்சியும் இல்லாமல் புடைத்து மூட்டை பிடித்துக் கொண்டுபோனால், விலை சொல்வது தூத்துக்குடி ஏற்றுமதியாளர். அவருக்கு விலை சொல்வது ஹாம்பர்க்கிலோ ஒசாகாவிலோ இருக்கிற கம்பெனி. அவர்களுக்கு மாற்று இல்லை என்பது உண்மை. எனக்கும் மாற்று இல்லையே. மழைக்கு முன் இலையை விற்றாக வேண்டும், அது கறுத்தால் கால் விலை. அதனால் 'மாற்று இல்லாத சரக்கு வைத்திருந்தால் மரியாதை' என்பதில் ஒரு திருத்தம் வேண்டும். சரக்கு வைத்திருந்தால் போதாது, அதை வைத்துக்கொண்டு காத்திருக்கவும் தெம்பு வேண்டும். சீனாவிடம் அந்தத் தெம்பு இருக்கிறது. அரிய மண் ஒரு வருஷம் விற்காவிட்டாலும் அவர்கள் அடுப்பு எரியும்.

செல்வி_வரலாறு | 14 அக்டோபர்

நிலாவாரை அண்ணாச்சி, இந்த இழையில் இதுவரை வந்ததில் உருப்படியான பதிவு உங்களுடையது. காத்திருக்கும் தெம்பு என்பதே நிதி. அப்பளக்காரர் பணம் வரும் வரை தாக்குப்பிடித்தார் என்றால் அவருக்கு வங்கியில் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிக்கு முன்கூட்டித் தருகிற கடன், இருந்திருக்கும். 1865-இல் நம் சம்சாரிக்கு அது இல்லை.

பாளை_ஓய்வு | 14 அக்டோபர்

ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் பிடி. டாலருக்கும் அதேதான்: எல்லோரும் வந்து பணம் போடும் பத்திரச் சந்தை இருப்பதால்தான் அமெரிக்கா எவ்வளவு கடன் வாங்கினாலும் ஆடாமல் காத்திருக்க முடிகிறது.

இறால் தம்பிக்கு உடனடியாகச் செய்யக்கூடியது என்று பார்த்தால்: செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக் கூடங்கள் 102-ஐப் புதிதாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, உங்கள் கூடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வளர்ப்பு இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் பார்க்கப் பாதிச் சரக்கைச் சோதிப்பார்கள், குளத்திலிருந்தே ஒழுங்காக இருக்க வேண்டும். பிரிட்டனோடு ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் அங்கே இறாலுக்கு வரி போய்விடும். இ.சி.ஜி.சி. என்கிற ஏற்றுமதிக் கடன் காப்பீட்டில் பழைய அமெரிக்க பில்களுக்குக் கவர் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அடுத்த ஒப்பந்தத்தில் டி.டி.பி. எழுதாதீர்கள். எஃப்.ஓ.பி.யில், அதாவது நம் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடிகிற கணக்கில், விற்றால் வரி வாங்குகிறவர் தலைமேல்.

இறால்_கணக்கு | 15 அக்டோபர்

நன்றி சார். பட்டியலை இன்று காலையே எடுத்துப் பார்த்தேன், எங்கள் பெயர் இல்லை, விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். ஐரோப்பாவுக்குத் தலையோடு கேட்பவர்கள் உண்டு என்பதால் உரிக்கிற வேலை குறையும், அதையும் மேனேஜரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார்.

எஃப்.ஓ.பி. கேட்டுப் பார்த்தாயிற்று. பதில் மெயிலில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஈக்வடார் கம்பெனியின் இந்த வார விலைப் பட்டியலை மட்டும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கோவில்பட்டி_குச்சி | 15 அக்டோபர்

முதல் நாளே நான் சொன்னேனே தம்பி.

இறால்_கணக்கு | 15 அக்டோபர்

சொன்னீர்கள் அண்ணாச்சி. கடையநல்லூர் அண்ணனுக்கு ஒரு கேள்வி: துபாயில் உரித்த இறாலை ஹோட்டல்களுக்கு மொத்தமாக எடுக்கிற ஆட்கள் யாராவது தெரியுமா? திர்ஹாமில் பில் போட்டாலும் சரிதான். தனி மெசேஜில் சொல்லுங்கள்.